ஸ்டீபனுக்கு எதிரே என் கதிரை

செவ்வாய், ஏப்ரல் 29

விடியற்காலை மழை. ஒன்பதுக்குப் பிறகு புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டல். இதெல்லாம் இடது கையால் எழுதுவது. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்.

இன்று முதல் தடவை அக்குபங்சர். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் முன் அறை. கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ். ஏறும்போது கொண்டக்டர் கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கினான். "சீயா, ஹெமின், ஹெமின்." தாத்தா, மெதுவாக ஏறட்டாம். எனக்கு ஐம்பத்தொன்பது. எனக்கும் ரீட்டாவுக்கும் பிள்ளையே இல்லை, பேரன் எங்கிருந்து வருவான். ரீட்டா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மனைவி என்று ஒருத்தி.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. நாற்பது இருக்கும். தமிழ் தெரியும், ஆனால் மருந்துத் தமிழ். நோகுதா, சாப்பிட்டதா, பிரஷர் குளிசை போட்டதா. ஆஸ்பத்திரிக் கடதாசிகளை ஒன்று விடாமல் வாசித்தார். ஒக்டோபரில் மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் கட்டியது. வலக்கை, வலக்கால் விழுந்தது. வாய் கொஞ்சம் கோணல். கால் வந்துவிட்டது, பொல்லோடு. வாயும் வந்துவிட்டது (வராமல் இருந்திருக்கலாம் என்று ரீட்டா). கை மட்டும் பொத்திய பிடியாக நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது.

சுகமாகுமா என்று கேட்டேன். சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். சிலருக்கு இறுக்கம் இளகும், சிலருக்கு இல்லை. குளிசை நிற்கக் கூடாது, பிசியோ நிற்கக் கூடாது, இது அவற்றோடு கூடச் செய்கிற ஒன்று. தலையை ஆட்டினேன். என் கண் முழுக்க ஊசிப் பெட்டியில்.

ஊசி தலைமயிர் அளவு. முதல் ஊசியை எடுத்து இடது கையில், அதாவது நல்ல கையில், வைத்தார். ரீட்டா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "டொக்டர், ஏக்க ஹொந்த அத்த." அது நல்ல கை என்கிறாள், ஏதோ வீட்டு நம்பர் பிழைத்த தபால்காரனிடம் சொல்வது போல. டொக்டர் சிரித்தார். தெரிந்துதானாம். இரண்டு பக்கமும் குத்துவதாம். பிறகு கெட்ட கை: பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்கும் இடம், முன்கை, முழங்கை. உச்சந்தலையில் இரண்டு. நோகவில்லை. ஒரு கனம், உள்ளே எறும்பு ஊர்வது போல ஒன்று.

ஊசிகளில் சின்னக் கிளிப் மாட்டி வயர் கொடுத்தார். கிளிப் வழுக்கி வழுக்கி விழுந்தது. பார்த்தால் கை முழுக்க எண்ணெய். ரீட்டா வெளிக்கிடும் முன் கோயில் நவநாளில் ஆசீர்வதித்த எண்ணெய் பூசியிருக்கிறாள். டொக்டர் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க ரீட்டாவின் முகம் கறுத்துப் போனது. அர்ச்சிஷ்டவரைத் துடைத்து எறிந்த மாதிரி.

மெஷினைத் திருப்பினார். ஆட்காட்டி விரல் துடித்தது. தானாக. என்னைக் கேட்காமல். ஏழு மாதமாக நான் கெஞ்சிக் கேட்டும் அசையாத விரல். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

வியாழன், மே 1

லீவு நாள். வெயில். வீதியில் சிவப்புத் தொப்பியோடு மே தின ஊர்வலத்துக்குப் போகிறவர்கள்.

ஸ்டீபன் வந்தான். திராட்சைப் பழத்தோடு. இதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் இருபது வருடத்தில் இந்த வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து இருப்பதைத் தின்றுவிட்டுப் போகிறவன் அவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கோயில் மண்டபத்தில் கெரம் டபுள்ஸ் என்றால் நானும் அவனும். அவனுக்கு எதிரே உள்ள கதிரை என்னுடையது. நான் ஒரு சுலபமான டிஸ்கைத் தவறவிட்டால் என் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவான். மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

நோய் வந்ததில் இருந்து அவனுக்கு வாய் செத்துப்போயிற்று. குரலே மாறிவிட்டது, மரண வீட்டுக் குரல்.

"மச்சான், எப்பிடிடா இருக்கிற. பரவாயில்ல, பரவாயில்ல, ஒண்ணும் கதைக்காத."

பிறகு பழப் பையை உருட்டிக்கொண்டு இருந்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை டபுள்ஸ் போட்டி. ஜூன் ஒன்றாம் திகதி ஞாயிறு பூசைக்குப் பிறகு செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

"இந்த வருஷம் நீ ரெஸ்ட் எடு மச்சான். நான் அல்பர்ட்டப் போட்டுக்கிறன். நீ வந்து முன்னுக்கு இருந்து பாரு. உனக்கு ஒரு குஷன் கதிரை போடச் சொல்லியிருக்கன்."

குஷன் கதிரை. அல்பர்ட். ஸ்ட்ரைக்கரை ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கும் அல்பர்ட்.

"பேர் குடுக்க ஒண்ணாந் தேதிதானே," என்றேன். "அது வரைக்கும் பொறு."

"சரி மச்சான். நீ சொன்னாச் சரி." அதையும் மரண வீட்டுக் குரலில் சொன்னான். ஓம் என்று சொல்லாமல் "உனக்கென்ன விசரா" என்று கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

இடது கையால் விளையாடலாமே என்று ரீட்டா. விளையாடிப் பார்த்தாயிற்று, மார்ச்சில். ஸ்ட்ரைக்கர் வெறிகாரன் மாதிரிப் போகிறது. இடது கையால் விளையாடினால் எல்லாரும் கைதட்டுவார்கள், அதுதான் பிரச்சினை. எனக்குக் கைதட்டல் வேண்டாம். ஸ்டீபனுக்கு எதிரே என் கதிரை வேண்டும், என் வலது கையோடு.

சனி, மே 10

எழுதவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்று ஊசி எடுத்த பிறகு டொக்டர் என் பிடியை மெதுவாக விரித்தார். விரிந்தது. உள்ளங்கையைக் கட்டிலில் வைத்து, விடுங்கள் என்றார். விட்டேன். அப்படியே கிடந்தது, தட்டையாக, மேசை விரிப்பு மாதிரி. ஏழு மாதத்துக்குப் பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தேன். வெளிறி, தோல் உரிந்து, ரேகைக்குள் அழுக்கு. ரீட்டா உடனே ஈரத் துணியால் துடைத்துவிட்டு அழுதாள். துடைத்ததுதான் முதல்.

வரும் வழியில் காலி வீதியில் வெசாக் கூடுகள் விற்பனை. மழை வந்து எல்லாவற்றையும் பொலித்தீன் போட்டு மூடுகிறார்கள். பஸ்ஸில் கொண்டக்டர் திரும்பவும் சீயா என்றான். சீயாவோ பேயாவோ, இன்று எனக்குக் கோபமே வரவில்லை.

வாங்க: பவுடர். கெரம் போர்ட் கட்டிலுக்குக் கீழே. கறையான் அரித்திருக்குமோ.

வியாழன், மே 15

வெசாக் லீவில் கிளினிக் பூட்டு. மழை மழை மழை. பிசியோவுக்கு இந்தக் கிழமையும் போகவில்லை, போன கிழமையும் இல்லை. பிசியோப் பிள்ளை துஷ்யந்தி இரண்டு தடவை போன் எடுத்தாள். ரீட்டாவைக் கொண்டு "கொஞ்சம் தடிமன்" என்று சொல்ல வைத்தேன். ரீட்டா சொன்னாள், ஆனால் பார்வையால் ஒரு குத்து.

என் யோசனை இதுதான். வாரத்துக்கு இரண்டு தடவை ஊசி. ஒரு தடவைக்கு எத்தனை ஊசி. எங்கள் ஆட்களுக்கு ஊசி என்றால்தான் வைத்தியம். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரிக்குப் போய், ஊசி போடாமல் குளிசை மட்டும் தந்து அனுப்பினால், "அவனுக்குப் படிப்புக் காணாது" என்று படியிலேயே கதைப்போம். இவ்வளவு ஊசி ஏறுகிற கைக்கு, துவாயைப் பிழி, பந்தை அமத்து என்ற சின்னப் பிள்ளை விளையாட்டு எதற்கு? ஊசி தன் வேலையைச் செய்யட்டும். நான் சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கிறேன்.

பகல்: பாணும் பருப்பும். கிரிக்கெட் மழையால் நின்றது.

சனி, மே 17

இன்று கெட்ட நாள்.

கை திரும்பவும் பொத்திவிட்டது. முந்தி இருந்ததை விட இறுக்கம். டொக்டர் விரிக்கப் பார்த்தார், நான் ஐயோ என்றேன். பிசியோ எப்போது போனீர்கள் என்று கேட்டார். நான் வெசாக் பற்றிக் கதைத்தேன். மழை பற்றி. ரீட்டா நடுவில் புகுந்து சிங்களத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். முழு உண்மை, தடிமன் உட்பட.

டொக்டர் ஊசிப் பெட்டியை மூடினார். சத்தம் போடவில்லை. முதல் நாளே சொன்னேன் என்றார். பிறகு, "மஹத்தயா கெரம் காரயா, நேத?" என்று கேட்டார். கெரம்காரன்தானே நீங்கள் என்று. ஓம் என்றேன்.

"நான் போர்டுக்குப் பவுடர் போடுகிற ஆள்," என்றார். "அடிக்கிறது நீங்கள். பவுடர் போட்ட போர்டைப் பார்த்துக்கொண்டு இருந்தால் டிஸ்க் விழுமா?"

சிங்களத்தில் கேட்டார், எனக்குத் தமிழில் சுட்டது. பிசியோவுக்குப் போகாவிட்டால் இங்கேயும் வர வேண்டாம், சும்மா குத்துவதில் தனக்கு விருப்பம் இல்லை என்றும் சொன்னார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். பம்பலப்பிட்டி வந்ததும் ரீட்டா பையில் இருந்து ஒரு டொபியை எடுத்து உரித்து என் வாயில் வைத்தாள். இவளோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

ஒன்றாம் திகதிக்கு இரண்டு கிழமை. விழுந்த கையை விட விழுந்த மனம் பாரம்.

செவ்வாய், மே 20

வெயில் அடிக்கிறது. கடல் பக்கம் காற்று.

புது ஏற்பாடு, துஷ்யந்தியும் டொக்டரும் போனில் கதைத்துத் தீர்மானித்தது. ஊசி எடுத்ததும் வீட்டுக்கு இல்லை. கை இளகி இருக்கும்போதே நேராக அடுத்த ஒழுங்கை, துஷ்யந்தியின் பிசியோ அறை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்தேழு இருபத்தெட்டு வயது, கண்ணாடி, சிரிப்பு கிடையாது.

"அங்கிள், தடிமன் சுகமோ?"

"சுகம் பிள்ளை."

"அப்ப நல்லது. இண்டைக்கு மூக்குச் சிந்துற சாட்டு இல்லை. கையைக் கொண்டு வாங்கோ."

மேசையில் சோடாப் போத்தல் மூடிகளைப் பரப்பினாள். ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகச் சுண்ட வேண்டும். சுண்டினேன். விரல் மடிந்தது, விரியவில்லை. "பெருவிரலில வைச்சு, அமத்தி, விடுங்கோ. விடுறதுதான் வேலை, அமத்துறது இல்லை." அமத்துவது எனக்கு நன்றாக வருகிறது. விடுவதுதான் வருவதில்லை. விடு, விடு என்கிறாள். நான் விடுகிறேன், விரல் விடுவதில்லை. வேர்த்து ஊற்றியது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது, ரீட்டா இருமினாள்.

பிறகு ஒரு மூடி நகர்ந்தது. அவ்வளவுதான். உருண்டு போய் மேசை விளிம்பில் நின்றது. துஷ்யந்தி கண்ணாடியைச் சரி செய்தாள். "ம். இப்ப மற்ற மூடி."

மற்ற மூடி கீழே விழுந்தது. அதற்கடுத்தது சுவரில் பட்டது.

வீட்டுக்கு வந்து போர்டைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தோம். கறையான் இல்லை, கரப்பான் ஒன்று. ரீட்டா பவுடர் போட்டாள், அவளுடைய வாசனைப் பவுடர், வீடு முழுக்கக் கலியாண வீட்டு மணம். எதிரே இருந்து அவளும் விளையாடினாள். ரீட்டாவுக்கு கெரம் ஆடத் தெரியாது, ஆனால் அளாப்பத் தெரியும், கண்ணை எடுத்தால் டிஸ்க் காணாமல் போகும்.

செவ்வாய், மே 27

ஊசி. பிசியோ. பின்னேரம் போர்ட். தினமும் அதுவே, ஊசி இல்லாத நாளிலும் மற்ற இரண்டும்.

முன்னேற்றம்: சட்டைப் பொத்தான் ஒன்று, மேல் பொத்தான், நானே. ஸ்ட்ரைக்கர் நேராகப் போகிறது, பலம் குறைவு. மூலையில் கிடக்கும் டிஸ்க் விழும். டிஸ்கின் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் அனுப்பும் கட் இன்னும் வரவில்லை. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் கை இளக்கம், பிறகு கொஞ்சம் இறுகும். ஆனால் முந்தி மாதிரி இல்லை.

இது யாரால் என்று வீட்டில் வழக்கு. செவ்வாய் நவநாள்தான் என்று ரீட்டா. (எண்ணெய் இப்போது ஊசிக்குப் பிறகு பூசுகிறாள், டொக்டரோடு ஓர் உடன்படிக்கை.) அப்பியாசம்தான் என்று துஷ்யந்தி, சொல்லமாட்டாள், முகத்தில் தெரியும். டொக்டரிடம் கேட்டேன். எந்தக் கயிறு தேரை இழுத்தது என்று எப்படிச் சொல்வது, எல்லாக் கயிற்றையும் பிடித்திருங்கள் என்றார். வேல் விழாத் தேர் பார்க்க ஒவ்வொரு வருடமும் பம்பலப்பிட்டிக்குப் போவாராம் சின்ன வயதில்.

நான் சொல்கிறேன், அல்பர்ட்டால். அவன் என் கதிரையில் இருப்பதை நினைத்தால் விரல் தானாக விரிகிறது.

ஞாயிறு, ஜூன் 1

பூசைக்குப் பிறகு மண்டபம். மழை தூறல். செயலாளர் மேசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அல்பர்ட் புதுச் சட்டையில், தன் சொந்த ஸ்ட்ரைக்கரோடு.

ஸ்டீபனிடம் சொன்னேன், ஒரு போர்டைப் போடு. "எதுக்கு மச்சான் இந்தக் கரச்சல்." போட்டான். எதிரே இருந்தான். நான் என் கதிரையில். பொல்லைச் சுவரில் சாய்த்தேன்.

முதல் அடி. தவறியது.

"பரவாயில்ல மச்சான்."

இரண்டாவது. ஸ்ட்ரைக்கர் பாதியில் நின்றது. யாரோ "ப்ச்" என்றார்கள்.

"பரவாயில்லடா, பரவாயில்ல."

இன்னொரு தடவை பரவாயில்ல என்றால் போர்டைத் தூக்கி அவன் தலையில் போடுவேன் என்று நினைத்தேன். இடது கையால் வலது விரல்களைப் பின்னுக்கு இழுத்து நீவினேன், துஷ்யந்தி சொன்ன மாதிரி. அமத்தி, விடு. விட்டேன். கறுப்பு ஒன்று வலது மூலைக்குள் போய்ச் சேர்ந்தது, டொக் என்று.

ஸ்டீபன் முன்னுக்குச் சாய்ந்தான். பார்த்தான். "இன்னொருக்கா."

இன்னொன்று. பிறகு ஒரு கட். மெல்லிய கட், வராத கட், இன்று வந்தது. எப்படி என்று எனக்கே தெரியாது.

ஸ்டீபன் எழும்பிச் செயலாளரிடம் போனான். அல்பர்ட்டின் தோளில் தட்டி ஏதோ சொன்னான். அல்பர்ட் தன் ஸ்ட்ரைக்கரைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

திரும்பி வந்த ஸ்டீபன் கண்ணைத் துடைத்தான். "நீ கஷ்டப்படாத மச்சான். போர்டில நான் பாத்துக்கிறன். நீ சும்மா தொட்டா போதும்."

கதிரை கிடைத்துவிட்டது. ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

சனி, ஜூன் 7

பொழுதுபடுகிறது. ரீட்டா குசினியில் பாடுகிறாள். எல்லாவற்றையும் எழுத வேண்டும், மறக்க முதல்.

காலை கிளினிக். இன்று குறைய ஊசி, கை களைக்கக் கூடாது என்றார் டொக்டர். பின்னேரம் வரை இளக்கம் நிற்குமா? சொல்ல முடியாதாம். போகும்போது "ஜய வேவா", வெற்றி கிடைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். துஷ்யந்தி விரல் விரலாக நீவி, ஒவ்வொரு போர்டுக்கும் இடையில் நீவச் சொன்னாள். "அங்கிள், தோத்தாலும் திங்கக்கிழமை அப்பியாசம் இருக்கு." சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. மழையில் த்ரீவீலர் பிடித்து வீடு. பிரஷர் குளிசை, சோறு, ஒரு குட்டித் தூக்கம்.

மண்டபம் நிரம்பிய கூட்டம். ஃபாதர் முன் வரிசையில். எனக்குக் குஷன் கதிரை போட்டிருந்தார்கள், எடுக்கச் சொன்னேன்.

முதல் ஆட்டம். மூன்று போர்ட், இரண்டு வென்றால் போதும். எதிரே வங்கியில் வேலை செய்யும் இரண்டு பேர், ஜூட், பிரசன்னா. நல்ல விளையாட்டுக்காரர்கள். முதல் போர்டை நாங்கள் வென்றோம். சனம் கைதட்டியது. ஸ்டீபனுக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு ஏதோ உதைத்தது. முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கிளார்க் வேலை. கஸ்டம்ஸ்காரன் முகத்தைப் பார்த்தே எது பொய் என்று படித்தவன். இரண்டாவது போர்டில் ஜூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையின் வாயில் நின்ற வெள்ளையை அவன் தவறவிட்டான். ரீட்டா கூடப் போடுவாள் அதை. தவறவிட்டு, "சே" என்று தலையில் தட்டினான். தட்டியது கொஞ்சம் அதிகம்.

ஸ்ட்ரைக்கரைப் போர்டின் நடுவில் வைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"என்ன அங்கிள்?"

"தம்பி," என்றேன், மெதுவாகத்தான், "எனக்கு விழுந்தது கை. கண் இல்ல."

அவனுக்குக் காது சிவந்தது. ஸ்டீபன், "விடு மச்சான், பரவாயில்ல" என்றான். பரவாயில்லை இல்லை என்றேன். முதல் போர்டும் வேண்டாம், இதுவும் வேண்டாம், முதலில் இருந்து போடுவோம், ஒழுங்காக அடிக்க விருப்பம் இல்லையென்றால் நான் எழும்புகிறேன். செயலாளர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் கூரையைப் பார்த்தார். பிரசன்னாதான் சொன்னான்: "அங்கிள் சொல்றது சரி மச்சான். போடு."

பிறகு அடித்தார்கள் பார். ஜூட் ஒரே முறையில் அரைவாசி போர்டைத் துடைத்தான். முதல் போர்ட் போச்சு. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவன் என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறான்.

இரண்டாவது போர்ட் ஸ்டீபன் எடுத்தான், உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மிச்சம், ரெட் நடுவில், அடிக்கும் முறை எனக்கு. என் கை. விரலை நீவினேன். களைத்துப் போயிருந்தது. அமத்தி, விடு. ரெட் இடது மூலைக்குள் போனது. ரெட் எங்களுக்கு நிற்க உடனே எங்கள் டிஸ்க் ஒன்றும் விழ வேண்டும், அதுதான் கவர்: கறுப்பு, பக்கவாட்டில், கட்டாக. விட்டேன். போனது.

சனம் எழும்பிவிட்டது. ஜூட் என் கையைப் பிடித்தான், வலது கையை. "மன்னிக்கணும் அங்கிள்." "அடுத்த வருஷமும் இப்பிடித்தான் அடிக்கணும்," என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஸ்டீபன் என்னை மெதுவாகக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தான், ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பது போல. அதுதான் கொஞ்சம் கடுப்பு.

மொத்தம் நாலு சோடிதான், அடுத்தது இறுதி ஆட்டம். இரண்டு கிழடுகள், எங்களைப் போல, பழைய எதிரிகள். இவர்களுக்கு இரக்கம் என்ற சாமான் கிடையாது. ஆளுக்கொரு போர்ட் வென்றாயிற்று. மூன்றாவது போர்டின் கடைசி. திரும்பவும் ரெட், திரும்பவும் என் முறை. போட்டேன். கவர் வேண்டும். எங்கள் வெள்ளை மூலையின் உதட்டில் நிற்கிறது. ஊதினால் விழும். மெல்லமாகத் தட்டினால் வெற்றி.

நான் பலமாக அடித்தேன். கை திரும்பி வந்த பெருமை, வேறென்ன. வெள்ளை விழுந்தது. அதற்குப் பின்னால் ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. டியூ, பிழை அடி. ரெட் வெளியே, வெள்ளை வெளியே, அபராதம் வேறு. எதிரே இருந்த கிழவன் இரண்டு அடியில் எல்லாவற்றையும் சுருட்டினான். தோல்வி.

எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்க்கத் தயாராகிறார்கள், எனக்குத் தெரிகிறது.

ஸ்டீபன் எழும்பினான். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

"டேய் மடையா, கண்ண எங்க அடகு வச்சிட்டு வந்த? உதட்டில நிக்குது, மூச்சு விட்டா விழும், அதுக்கு ஏன்டா குண்டு போடுற? எருமைக்குப் பிறந்தவனே, உன்னோட விளையாடுறதுக்கு நான் அந்த அல்பர்ட்டக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

ஃபாதருக்கு முன்னால். பூட்டன் வரைக்கும் போனான். பூட்டனையும் தாண்டினான். செயலாளர் ஓடி வந்து, "ஸ்டீபன், ஸ்டீபன், சுகமில்லாத மனுஷன், பாவம்" என்றார்.

"சுகமில்லாத மனுஷனா? இவனா? இருபது வருஷமா இதே வேலதான் பாக்கிறான், கவருக்குப் பின்னால ஸ்ட்ரைக்கர அனுப்புறது. அப்ப என்ன வருத்தம் இவனுக்கு?"

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. வயிறு நோகச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அவனுக்குக் கோபம் கூடியது. இரண்டாம் பரிசை வாங்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். ரைஸ் குக்கர் இரண்டையும் ரீட்டா தூக்கிக்கொண்டு வந்தாள்.

விரல் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்திருக்கிறேன். இந்த நகரத்தில் இப்போது என்னை விடச் சந்தோஷமான ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

ஞாயிறு, ஜூன் 8

வெயில். வீக்கம் வற்றிவிட்டது. காலைப் பூசை.

ஸ்டீபன் எங்களுக்கு முன் வாங்கில். திரும்பவில்லை. ரீட்டா அவன் மனைவியிடம் குசுகுசுத்துக் கேட்டாள். ராச்சாப்பாடும் சாப்பிடவில்லையாம், கவர் கவர் என்று புலம்பலாம்.

பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. நோய்க்குப் பிறகு நான் திரும்பவும் பூசைக்கு வரத் தொடங்கியதில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவன் என் இடது கையைத் தன் இரண்டு கையாலும் பொத்தி, கண் கலங்கச் சமாதானம் தருவான். இன்று பக்கத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுத்தான். ரீட்டாவுக்குக் கொடுத்தான். அல்பர்ட்டுக்கும் எட்டிக் கொடுத்தான். நான் வலது கையை நீட்டினேன். ஐந்து விரலும் விரிந்து நேராக நின்றன. அவன் அதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டான்.

நீட்டிய கையை மடக்க எனக்கு மனம் வரவில்லை. ரீட்டா முழங்கையால் இடித்தாள்.

"பூசைக்குள்ள என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கிறீங்க?"